கதவைத் தேடி ஓடிய லட்சுமி

(மூன்றாம் ஆண்டு, சிவில் – மொரப்பூர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, எங்கள் பிரிவில் வழக்கம்போல 'நீரின்றி அமையாது உலகு', 'நாளைய இந்தியா நம் கையில்' என்று தலைப்புகள் பறந்தன. நான் ஒரு சிறுகதையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "சிவில் படிக்கிற பொண்ணு கதையைப் பத்தி எழுதுதாம்" என்று பின் பெஞ்சில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! கதையின் பெயரே 'கதவு'. கதவைப் பற்றிப் பேச நம்மை விட உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

கட்டட வரைபட வகுப்பில் கதவுக்கு 'டி' என்று குறி போடுகிறோம். 1000க்கு 2100 என்று மில்லிமீட்டரில் அளவு எழுதுகிறோம். பிளானில் ஒரு கோடும் ஒரு கால் வட்டமும் போட்டால் கதவு முடிந்தது. மூன்று வருஷத்தில் எத்தனை கால் வட்டம் போட்டிருப்பேனோ, கணக்கில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குக் கதவு என்றால் என்ன என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கி. ராஜநாராயணன் என்கிற ஒரு விவசாயி.

கி.ரா. கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்தில் 1923-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கினவன் நான் என்று தன்னைப் பற்றித் தானே கேலியாகச் சொல்லிக் கொள்வாராம். அப்படிப்பட்டவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி பரிசு. 2021 மே மாதம் 17-ந் தேதி புதுச்சேரியில் காலமானபோது தமிழக அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. பட்டம் இல்லாதவருக்கு இத்தனை மரியாதையா என்று டிப்ளமோ படிக்கிற நமக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருக்கிறது, இல்லையா?

அவர் 1950-களின் கடைசியில் எழுதிய கதைதான் 'கதவு'. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஏழை வீடு. அப்பா மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போனவர். அப்போது அங்கே அணை கட்டிக்கொண்டிருந்த காலம். மாதக்கணக்காகப் பணமும் இல்லை, தகவலும் இல்லை. அம்மா ரங்கம்மாள் காட்டு வேலைக்குப் போகிறாள். வீட்டில் லட்சுமி, அவள் தம்பி சீனிவாசன், இன்னும் ஒரு கைக்குழந்தை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே விளையாட்டுச் சாமான் இவர்கள் வீட்டுக் கதவுதான். அதில் ஏறி நின்று முன்னும் பின்னும் ஆட்டினால் அது பஸ். டிக்கெட் உண்டு, திருநெல்வேலிக்குப் போகலாம். தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படத்தை லட்சுமி அந்தக் கதவில்தான் ஒட்டி அழகு பார்ப்பாள்.

ஒரு நாள் தலையாரி ஆட்களோடு வருகிறார். தீர்வை பாக்கி. எடுத்துப் போக வீட்டில் வேறொன்றும் இல்லாததால் கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் கார்த்திகைக் குளிர். கதவில்லாத வீட்டில் வாடை புகுந்து அடிக்கிறது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, செத்தே போகிறது. கடைசியில் ஒரு நாள் சீனிவாசன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, பக்கத்துச் சாவடிக்குப் பின்னால் நம் கதவு கிடக்கிறது என்கிறான். இரண்டு பேரும் ஓடுகிறார்கள். கரையான் ஏறிப்போய்க் கிடக்கிற அந்தக் கதவைத் துடைத்து, கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. நாலைந்து பக்கம் இருக்கும். நான் நூலகத்தில் நின்றுகொண்டே படித்து முடித்தேன். முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வறுமை என்கிறார்கள், அதிகாரம் என்கிறார்கள், குழந்தை உலகம் என்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் என் கருத்து வேறு. இந்தக் கதை லட்சுமியின் கதை. அவளை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

கதவைத் தூக்கிப் போகிற இடத்தைப் பாருங்கள். ஆட்கள் கதவைச் சுமந்து போகிறார்கள். தெருப் பையன்களுக்கு அது ஊர்வலம் மாதிரி தெரிகிறது. வாயாலேயே நாயனம் வாசிக்கிறார்கள், மேளம் கொட்டுகிறார்கள். சீனிவாசனும் சேர்ந்துகொண்டு சந்தோஷமாகப் பின்னால் போகிறான். தன் வீட்டுக் கதவு போகிறது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பாவம், சின்னப் பையன். லட்சுமிக்கு மட்டும்தான் பொறுக்கவில்லை. தம்பி பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போடுகிறாள். ஒரே ஒரு தடவை. அவன் அடங்கித் திரும்பி வருகிறான்.

அவளுக்கும் வயசு ரொம்ப இல்லை. அவளும் நேற்று வரைக்கும் அதே கதவில் ஏறித் திருநெல்வேலி போனவள்தான். அந்த ஒரு சத்தத்தில் அவள் விளையாட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறாள். தெருவிலேயே அவளுக்கு மட்டும்தான் நடப்பது என்ன என்று புரிகிறது. ஏன் அவளுக்கு மட்டும் புரிந்தது? பெண் பிள்ளை என்பதாலா? நான் அப்படி நினைக்கவில்லை. அம்மா காட்டுக்குப் போன பிறகு அந்த வீட்டுக்கு அவள்தான் பொறுப்பு. பிள்ளையை வைத்திருக்கிறவளுக்குத்தான் கதவின் அருமை தெரியும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கதவு கிடக்கிற சேதியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டு வருபவன் தம்பி. வீட்டில் இருந்து அதைக் கேட்பவள் அக்கா.

(இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். எங்கள் மொரப்பூருக்கும் கதவு பறிபோன கதை ஒன்று உண்டு. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் ஓடியது. 1913-ல் அது ஓசூர் வரைக்கும் போனது. இரண்டாம் உலகப்போர் சமயம், 1941-ல் அதை மூடிவிட்டார்கள். திரும்ப 36 கிலோமீட்டர் பாதை போடுகிறோம் என்று அடிக்கல் நாட்டியது 2019-ல். நடுவில் 78 வருஷம்! எடுப்பதற்கு ஒரு நாள் போதும், திரும்ப வைப்பதற்குத்தான் தலைமுறை ஆகிறது என்று எங்கள் ஊர் டீக்கடையில் பெரியவர்கள் சொல்வார்கள். சரி, கதைக்கு வருகிறேன்.)

நான் இவ்வளவு வீராவேசமாக லட்சுமிக்காக வாதாடுவதற்குக் காரணம் எங்கள் வீடு. மறைப்பானேன்? எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. தர்மபுரி போய் அங்கிருந்து பஸ் பிடித்துப் போவார். ஒரு தளம் முடிந்து காங்கிரீட் போட்ட பிறகுதான் வருவார். அம்மா களை எடுக்க, குச்சிக்கிழங்கு பிடுங்க என்று கூப்பிட்ட காட்டுக்குப் போகிறவர். எனக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா என்னைவிட 5 வயசு மூத்தது. தம்பி பிறந்தபோது எனக்கு 8 வயசு, அக்காவுக்கு 13. எட்டாவது பாஸ் செய்து ஒன்பதாவதுக்குப் போக வேண்டிய நேரம். பிரசவம் முடிந்த மூன்றாம் மாசமே அம்மா வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. கடன் இருந்தது. கைக்குழந்தையை யார் பார்ப்பது? அக்காதான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. "இந்த ஒரு மாசம் லீவு போடு கண்ணு" என்றுதான் அம்மா சொன்னார். அந்த ஒரு மாசம் அப்படியே நீண்டுபோனது.

அந்த நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். அரசாங்கம் கொடுத்த அக்காவின் பையும், ஜாமெட்ரி பாக்ஸும் எனக்கு வந்தன. மூன்றாவது படிக்கிறவளுக்கு காம்பஸ் எதற்கு? ஆனாலும் அதைத் தெருவெல்லாம் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தேன். கதவுக்குப் பின்னால் மேளம் கொட்டிப் போன சீனிவாசனைப் படித்தபோது நூலகத்தில் எனக்குக் கால் நடுங்கியது அதனால்தான். அந்தப் பையன் நான்தான். ஒரே வித்தியாசம், எங்க அக்கா என்னைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. "முள்ளு கூரா இருக்கு, கையில குத்திக்காத பாப்பா" என்று மட்டும் சொன்னது.

அந்த காம்பஸைத்தான் பாலிடெக்னிக் முதல் வருஷத்திலும் வைத்திருந்தேன். திருகு தேய்ந்துவிட்டதால் நூல் சுற்றி இறுக்கியிருந்தேன். பிளானில் கதவுக்குக் கால் வட்டம் போட்டது அதில்தான்.

எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒரு நாள் வகுப்பில் அமெரிக்கச் சிறுகதை ஒன்றைத் தமிழிலேயே சொன்னார். டோனி கேட் பம்பாரா என்ற கறுப்பின எழுத்தாளர் 1971-ல் வெளியிட்டது. 'ரேமண்டின் ஓட்டம்' என்று பெயர். நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் ஸ்க்வீக்கி என்று ஒரு சிறுமி. ஓட்டப் பந்தயத்தில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு வேலை, அண்ணன் ரேமண்டைப் பார்த்துக்கொள்வது. ரேமண்ட் வயசில் மூத்தவன், ஆனால் மூளை வளர்ச்சி குறைவு. அவனை யாராவது கிண்டல் செய்தால் இவள் சண்டைக்கு நிற்பாள். மே தினப் பந்தயத்தில் அவள் ஓடும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் ரேமண்டும் கூடவே ஓடி வருகிறான். அதைப் பார்த்த பிறகு அவளுக்குத் தன் பதக்கம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இவனுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று யோசிக்கிறாள்.

நல்ல கதை. எல்லோரும் கை தட்டினோம். எனக்கு மட்டும் வேறொன்று தோன்றியது. ஸ்க்வீக்கியும் கூடப்பிறந்தவனைப் பார்த்துக்கொள்கிறாள், லட்சுமியும் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் ஸ்க்வீக்கிக்கு ஓடுவதற்கு ஒரு பந்தயம் இருந்தது. தெருவில் அவள் பெயர் தெரிந்திருந்தது. லட்சுமி ஓடியது ஒரே ஒரு தடவை, கதவைத் தேடி. அதற்குள் அந்தப் பிள்ளை செத்துப் போயிருந்தது. பொறுப்பு ஒரு பிள்ளையைக் கெடுக்காது என்று சிலர் சொல்கிறார்கள். "நாங்கல்லாம் தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்க்கலையா?" என்று கேட்கிறார்கள். வளர்த்தீர்கள், சரி. பொறுப்பு மட்டும் கொடுத்துவிட்டுப் பந்தயத்தைப் பிடுங்கிக்கொண்டால்? அதைத்தான் நான் கேட்கிறேன்.

இதெல்லாம் அந்தக் காலம், இப்போது மாறிவிட்டது என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. பெண் பிள்ளையை உயிரோடு விடுவதற்கே திட்டம் போட வேண்டியிருந்த பகுதி இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் ஆரம்பித்து, 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அங்கிருந்து பார்த்தால் நான் கையில் டிராஃப்டருடன் பஸ்ஸில் நிற்பதே பெரிய சங்கதி. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கும் மாதம் 1000 ரூபாய் வந்தது. பஸ்ஸுக்கும் டிராயிங் ஷீட்டுக்கும் அதுதான் ஆனது.

ஆனால் அந்தக் கைக்குழந்தை? அதை யார் பார்ப்பது என்கிற கேள்வி 1950-களில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. எங்கள் பக்கத்துப் பால்வாடி நல்லபடியாகத்தான் நடக்கிறது. முட்டை போடுகிறார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் மூன்று மாசக் குழந்தையை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. அதோடு, களை எடுக்கப் போன அம்மா பொழுது சாய்ந்துதான் வருவார், பால்வாடி அதற்கு வெகுநேரம் முந்தியே மூடிவிடும். நடுவில் இருக்கிற நேரம் யாருடையது? வீட்டில் மூத்த பெண் பிள்ளை இருந்தால் அவளுடையது. 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் போட்டபோது, வேலை இடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேருக்குக் குறையாமல் இருந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். எவ்வளவு நல்ல யோசனை! அதை எழுதியவர் யாரோ, லட்சுமியைத் தெரிந்தவர். நான் பார்த்த இடங்களில் மரத்தடித் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது என்னவோ பள்ளிக்கூடம் போகாத பாப்பாக்களும், வேலை செய்ய முடியாத பாட்டிகளும்தான்.

பெண் கல்வி பற்றிப் பட்டிமன்றம் நடத்துகிறோம். சைக்கிள், லேப்டாப், உதவித்தொகை என்று பேசுகிறோம். எல்லாம் வேண்டியதுதான், ஆனால் அவை வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குக் கிடைப்பவை. எங்கள் அக்கா பதினொன்றாவதுக்கு வந்திருந்தால் அதற்கும் சைக்கிள் கிடைத்திருக்கும். வரவில்லையே! பள்ளிக்கூடத்துக்கு நிகராகக் கைக்குழந்தைக் காப்பகமும் ஊருக்கு ஊர் வேண்டும், அது காட்டு வேலை நேரத்தை அனுசரித்துத் திறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பெண் கல்விக்கு நான் முதலில் கேட்பது அதுதான். சிரித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்க விசாரித்தேன். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் படிப்பை எழுத வேண்டுமாம். வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அப்பா, ஐந்தாவது. அம்மா, கையெழுத்து மட்டும். அக்கா, எட்டாவது. எழுதிவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் நான்தான் முதல் ஆள் என்று சர்க்கார் முத்திரை போட்டுக் கொடுக்கும். முதல் ஆளாகக் கிளம்பியது அக்கா. பாதி வழியில் இறங்கி அதன் டிக்கெட்டை எனக்குக் கொடுத்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆகவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். எட்டாவது பாஸ் செய்து நின்றவர்கள் பத்தாவதை நேராகத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் பாலிடெக்னிக்கில் படிக்கிற பாதிப் பேருக்கு வீட்டிலேயே ஒரு லட்சுமி உண்டு. அக்காவாக, அண்ணியாக, சித்தியாக. பேரவை வருஷா வருஷம் ரத்ததான முகாம் நடத்துகிறது, மரம் நடுகிறது, நல்ல காரியம். வரும் வருஷம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் இவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தால் என்ன? கணக்குக்கு நான் வருகிறேன். பிள்ளையோடு வருகிறவர்கள் பிள்ளையோடே வரட்டும். தூளி கட்ட நம் ஒர்க்‌ஷாப்பில் கொக்கி இல்லாமலா போகும்!

சென்ற பொங்கல் லீவில் இந்தக் கதையை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அக்காவுக்கு இப்போது 23 வயசு. 18 முடிந்ததுமே கல்யாணம் ஆகி, 3 வயசில் ஒரு பெண் இருக்கிறாள். புளி தட்டிக்கொண்டே கேட்டது. பிள்ளை சாகிற இடத்தில் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டது. கடைசியில் கதவைக் கட்டிக்கொண்டு நிற்கிற இடம் வந்ததும், அழும் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்புறம் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போச்சா?" என்று கேட்டது.

"கதை அதோட முடிஞ்சிடுதுக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு, "பத்தாவது கணக்கு ரொம்பக் கஷ்டமா பாப்பா?" என்றது.